பெட்டியின் மேல் என் கையெழுத்து

1

நூற்று எண்பத்து மூன்று வெள்ளி நாற்பது காசு. மருதமுத்து தன் முதலாளி அலாவுதீனுக்குத் தரவேண்டிய பாக்கி. இந்தக் கதை பிறந்ததே அந்தத் தொகையில்தான். மறைத்து என்ன ஆகப்போகிறது?

மருதமுத்து நான் இல்லை. (இந்த வரியை இரண்டு முறை அடித்து, மறுபடி எழுதியிருக்கிறேன். நம்புகிறவர் நம்பலாம்.)

2

முதலில் இப்படித் தொடங்கினேன்: 'ஐம்பத்தெட்டாம் வருஷம், மலாக்கா ஆற்றின் அலைகளில்...' வேண்டாம். அந்த ஆற்றில் அலை ஏது? சேறுதான்.

மருதமுத்து மலாக்காவின் கஜா பேராங் பகுதியில், அலாவுதீனின் கிடங்கில் சரக்குக்குப் பெட்டி அடிப்பவன். நாற்பது தாண்டியபிறகு யூனியன் வகுப்பில் தமிழும், மலாயை ஆங்கில எழுத்தில் எழுதும் ரூமியும் கற்றான். ஒரு நாள் முதலாளி கொண்டுவந்து வைத்தது டைப்ரைட்டர் போன்ற ஒரு கனத்த மெஷின். ஓர் எழுத்தைத் தட்டினால் வேறோர் எழுத்து விழும். அதில் அடித்த கடிதத்தை அரசாங்கத்தாலும் படிக்க முடியாதாம். அதனால் பெர்மிட் இல்லாமல் அது கடல் தாண்டக் கூடாது. எதிர்க்கரையில், சுமத்ராவில், கலகம். கலகக்காரர்களிடம் அதற்கு நல்ல விலை.

3

மெஷினைப் பெட்டிக்குள் வைத்ததும் முதலாளி பெயிண்டையும் பிரஷையும் நீட்டினார்.

"தையல் மெஷின்னு எழுது. அனுப்புறவர் இடத்துல உன் பேரப் போடு. உன் எழுத்து முத்து முத்தா இருக்கே."

இருபது வருஷத்தில் அவர் அவனைப் புகழ்ந்தது அதுதான் முதல் தடவை.

"கிராணி எழுதலாமே, முதலாளி."

"அவருக்குக் கை வலியாம். நீ எழுது, உன் பாக்கியை அடிச்சிடறேன்."

கைவலிக்காரரான, கணக்கெழுதும் கிராணி நடராஜன் நிலக்கடலை உடைத்துக்கொண்டிருந்தார்.

[நடராஜனைத் திட்டி ஒரு பத்தி எழுதிக் கிழித்துவிட்டேன். அவருக்கும் பாக்கி இருந்திருக்கலாம்.]

மருதமுத்துவுக்குச் சந்தேகம் வந்தது. ஆனாலும் எழுதினான். பாக்கிக்காக என்று சொன்னால் பாதி பொய். கடல் தாண்டும் பெட்டியில் தன் பெயர்! அதைக் கொஞ்சம் பெரிதாகவே எழுதினான். கைநாட்டுக்காரனாகவே இருந்திருந்தால் அவனை இப்படி யாரும் மாட்டிவிட்டிருக்க முடியாது.

4

பிறகு கணக்குப் புத்தகத்தைக் காட்டச் சொன்னான். அவன் பெயருக்கு நேரே பாக்கியை அடித்த சிவப்புக் கோடு, பக்கத்தில் தேதி. எழுத்துக்கூட்டிப் படித்தான்.

நேற்றைய தேதி.

கேட்பதற்கு முன்பே அவன் எழுதிவிடுவான் என்று முடிவு கட்டியிருக்கிறார்கள்.

பெயிண்ட் இன்னும் காயவில்லை. ஒரு கையில் துணி, ஒரு கையில் சுத்தியல். துடைத்தால் பாக்கி திரும்பி வரும், வேலை போகும். மூடியில் ஆணி அடித்தால்... சுங்கத்தில் பெட்டியைத் திறக்கிற நாளில் போலீஸ் தேடுவது அவனைத்தான்.

என்ன செய்தான் என்று எனக்குத் தெரியும். எழுத மாட்டேன். எழுதினால் அதுவும் என் கையெழுத்தில் இருக்கும். உங்கள் கையெழுத்தில் நீங்கள் எழுதிக்கொள்ளுங்கள்.

பாக்கி மட்டும் தீர்ந்தது. நேற்றே.