சேர்ந்த தேதி

என்னிடம் பதினெட்டுப் பேர் வேலை செய்கிறார்கள். அந்த வாரம் பதினெட்டுப் பேரையும் நான் சந்தேகப்பட்டேன்.

காரணம் சட்டம். ஆஸ்பத்திரிகளுக்கும் ஹோட்டல்களுக்கும் சீருடை தைக்கும் சின்னப் பட்டறை என்னுடையது. ஒரு ஆர்டர் தைத்து முடிப்பதற்குள் இரண்டு விதி மாறிவிடுகிறது. ஒட்டின அறிவிப்பில் பசை காய்வதற்குள் அதைக் கிழிக்கச் சொல்கிறார்கள். இதையெல்லாம் பார்த்துக்கொள்ளத்தான் மனைவியின் தம்பியை ஆபீசில் உட்கார வைத்திருந்தேன். முதலாளிகள் கூடிப் புலம்பும் ஒரு வாட்ஸ்அப் குழுவில் அவன் இருந்தான். அங்கே வருவதை வேதவாக்காக எடுத்துவந்து தினமும் என் வயிற்றில் புளியைக் கரைப்பான்.

இந்தத் தடவை வந்தது நியமனக் கடிதம். வேலை செய்யும் ஒவ்வொருவருக்கும் எழுத்தில் கடிதம் கொடுத்து, கையெழுத்து வாங்கிய நகலை வெள்ளிக்கிழமைக்குள் தொழிலாளர் அலுவலகத்தில் சேர்க்க வேண்டும். தவறினால் பட்டறைக்குச் சோதனை போட வருவார்கள். மச்சான் எங்கிருந்தோ ஒரு மாதிரிக் கடிதத்தை இறக்கி, பெயரை மட்டும் மாற்றிப் பதினெட்டு அடித்தான். நான் ஒரே மூச்சில் கையெழுத்துப் போட்டுத் திங்கட்கிழமை காலையில் எல்லாருக்கும் கொடுத்துவிட்டேன். ஊருக்கு முந்திச் செய்கிறோம் என்ற பெருமை வேறு.

செவ்வாய் மாலை வரை ஒரு கடிதம்கூடத் திரும்பவில்லை. வீட்டில் காட்ட வேண்டும் என்றார் கட்டிங் மாஸ்டர். கண்ணாடி உடைந்துவிட்டது, எழுத்துத் தெரியவில்லை என்றார் பட்டன் தைப்பவர். அதை ஊசியில் நூல் கோத்துக்கொண்டே சொன்னார்.

நெருப்பில்லாமல் புகையாது. தூண்டிவிடுவது யார் என்று கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தேன். புதன்கிழமை டீ இடைவேளையில் அகப்பட்டது. செக்கிங் அக்கா. தைத்து முடித்த உடுப்புகளைச் சோதித்து அனுப்புவது அவர் வேலை. இரண்டே மெஷினோடு நான் ஆரம்பித்தபோது வந்தவர். என்னைவிட இளையவர்தான், ஆனாலும் பட்டறைக்கே அக்கா, எனக்கும் அக்கா. அன்று அவரைச் சுற்றி ஒரு கூட்டம், கையில் ஒரு நோட்டு. தண்ணீர் குடிக்கும் சாக்கில் பக்கத்தில் போனேன்.

“நீ வந்தப்ப என்ன துணி?” என்று கேட்டுக்கொண்டிருந்தார்.

பச்சைக் கோட்டு என்றாள் காஜா அடிக்கும் பெண். அக்கா எழுதிக்கொண்டார். என்னைக் கண்டதும் நோட்டு மூடியது, கூட்டமும் கலைந்தது.

மச்சானிடம் சொன்னேன். பச்சைக் கோட்டு ஆஸ்பத்திரி ஆர்டர், அதில் குறை என்று புகார் எழுதுகிறார்கள், வேறென்ன என்றான். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டான். “மாமா, செக்கிங் அக்காவ இப்பவே வேலைய விட்டு நிறுத்திருங்க. அடுத்த மாசத்துலேருந்து ரொம்ப நாள் ஆளுங்கள விசாரிக்காம அனுப்ப முடியாது.”

அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய். பச்சைக் கோட்டின் பழைய மாதிரி ஒன்றைத் தேடி எடுத்து, தையல் தையலாகப் புரட்டிப் பார்த்தேன். ஒரு குறையும் இல்லை. குறை இல்லாதது இன்னும் சந்தேகமாக இருந்தது. அக்காவை நிறுத்தும் கடிதத்தை மச்சானை விட்டு டைப் அடிக்க வைத்து இழுப்பறையில் வைத்தேன்.

வியாழக்கிழமை அவரைக் கூப்பிட்டு அனுப்பினேன். பதினெட்டு நியமனக் கடிதங்களையும் கையில் அடுக்கிக்கொண்டு வந்தார். ஒன்றிலும் கையெழுத்து இல்லை. உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. பதினோரு வருஷமாக அண்ணே என்று கூப்பிட்டவர் அன்று சார் என்றார். எனக்குச் சுருக்கென்றது.

“சார், மூணாவது வரியப் படிங்க.”

படித்தேன். வேலையில் சேர்ந்த தேதி என்ற இடத்தில் அந்த மாதத்து முதல் தேதி இருந்தது. அடுத்ததை எடுத்தேன். அதிலும் அதே. பதினெட்டிலும் அதே. பதினோரு வருஷம் உழைத்தவரும் போன மழைக்கு வந்தவரும் ஒரே நாளில் சேர்ந்திருந்தார்கள். கையெழுத்துப் போட்டால், இத்தனை வருஷம் இங்கே இருக்கவே இல்லை என்று அவர்களே எழுதிக் கொடுத்ததாக ஆகும். ரொம்ப நாள் ஆட்களுக்குச் சட்டம் தரும் பாதுகாப்பு அவர்களில் ஒருவருக்கும் கிடைக்காது.

அக்கா நோட்டைத் திறந்து வைத்தார். பழைய வருகைப் பதிவேடு எதுவும் எங்களிடம் கிடையாது. கூரை ஒழுகி, நனைந்து, குப்பைக்குப் போய்விட்டது. சேர்ந்த தேதி யாருக்கும் நினைவில்லை. ஆனால் வந்ததும் கையில் எடுத்த முதல் துணியை யாரும் மறக்கவில்லை. அதை ஒவ்வொருவரிடமும் கேட்டு, அந்த ஆர்டர் எந்தத் தேதியில் ஆரம்பித்தது என்று தன் பழைய செக்கிங் நோட்டுகளில் தேடி, பெயருக்கு நேரே எழுதியிருந்தார். காஜா பெண்ணுக்கு நேரே பச்சைக் கோட்டு, ஆறு வருஷத்துக்கு முந்தைய ஒரு தேதி.

எனக்கு வெட்கமாகிவிட்டது, இழுப்பறையில் கிடந்த கடிதத்தை நினைத்து இன்னும் அதிகமாக. படிக்காமல் கையெழுத்துப் போட்டுவிட்டேன் என்றேன். அது உண்மைதான். மச்சானைப் பார்த்தேன். குழுவில் எல்லாரும் இப்படித்தான் போடுகிறார்கள், பின்னால் வம்பு வராது என்று முனகிவிட்டு மொபைலுக்குள் தலையைக் கவிழ்த்தான்.

அக்கா அவனைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. “சரி சார். படிச்சிருந்தா மாத்தியிருப்பீங்களா?”

ஆமாம் என்று சொல்ல ஒரு நொடி போதும். ஆனால் நான் யோசித்தேன். வம்பு வராது என்று மச்சான் சொல்லியிருந்தால் சும்மா இருந்திருப்பேனோ என்று எனக்கே என்மேல் ஐயம் வந்தது. மாற்றியிருப்பேன் என்று சொல்லி முடிப்பதற்குள் நேரமாகிவிட்டது. விட்டுப்போன ஒரு தையலை எட்ட நின்று பிடிக்கிற கண் அவருடையது. நான் யோசித்ததை அது பிடித்துவிட்டது.

“அப்ப இப்பவே மாத்துங்க. தம்பி வேணாம். நீங்களே அடிங்க.”

மச்சானை எழுப்பிவிட்டு அவன் நாற்காலியில் உட்கார்ந்தேன். எனக்கு ஒற்றை விரலால்தான் அடிக்க வரும். அக்கா என் முதுகுக்குப் பின்னால் வந்து நின்றார். ஒவ்வொரு தேதியாகச் சொல்லி, நான் அடித்ததைத் திரையில் பார்த்து, ‘ம்’ என்ற பிறகுதான் அடுத்த பெயருக்குப் போனார். பதினேழு முறை ‘ம்’ வந்தது. அவருடைய கடிதம் கடைசியில் வந்தது. பதினோரு வருஷத்துக்கு முந்தைய அந்தத் தேதியை அவர் சொல்லாமலே அடித்தேன், பட்டறை ஆரம்பித்த நாள் அது, எனக்கு நன்றாக நினைவிருந்தது. நிமிர்ந்து அவர் முகத்தைப் பார்த்தேன்.

‘ம்’ வரவில்லை.

“பிரிண்ட் எடுங்க சார்” என்றார். “பேப்பர்ல பாத்துக்கறேன்.”