இடது காலுக்கு அங்கே என்ன வேலை

என் தங்கைக்குக் கார் ஓட்ட வராது என்று யாராவது சொன்னால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அவளுக்கு வரும். சொல்லிக்கொடுத்த ஆளுக்குத்தான் வராது. அந்த ஆள் அவள் புருஷன்.

டிரைவிங் ஸ்கூலில் கற்றுக்கொடுப்பதுதான் என் பிழைப்பு. ஆனாலும் அவளை என்னிடம் அனுப்பவில்லை. பொண்டாட்டிக்குத் தானே சொல்லித் தருவதாக மாப்பிள்ளை வீராப்புப் பேசிவிட்டார். தெருவில் அவருக்கு ராக்கெட் என்று பெயர். அவர்கள் வண்டி ஆட்டோமேட்டிக். கிளட்ச் கிடையாது, கீழே இரண்டே பெடல். வலது கால் ஆக்சிலரேட்டருக்கு, இடது கால் பிரேக்குக்கு என்று பாகம் பிரித்துக் கொடுத்திருக்கிறார். ரேஸ் ஓட்டுகிறவர்கள் அப்படித்தான் செய்வார்களாம். ஏன் என்று கேட்டால், "ஆண்டவன் ரெண்டு கால் எதுக்குக் குடுத்தான்?" என்பார்.

அந்த இரண்டு காலால் அவள் இரண்டு முறை டெஸ்டில் தோற்றாள். நோயாளிகள் வீட்டுக்கே போய்ப் பார்க்கும் நர்ஸ் வேலை அவளுக்குக் கிடைத்திருந்தது. லைசென்ஸ் இருந்தால்தான் வேலை. இந்த முறையும் தவறினால் வேறு ஆளைப் போட்டுக்கொள்வோம் என்று ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள். அவள் தோற்ற கதையை ராக்கெட் சொந்தக்காரர்கள் கூடும் இடமெல்லாம் நடித்துக் காட்டிச் சிரிக்கவைப்பார். அவளும் சேர்ந்து சிரிப்பாள். அந்தச் சிரிப்பைப் பார்க்கும்போதுதான் எனக்கு வயிறு எரியும்.

கடைசியில் போன வாரம் அவளே என்னிடம் வந்தாள். முதல் தடவை வண்டியை நிறுத்தியபோதே என் மூக்கு டேஷ்போர்டில் மோதப் பார்த்தது. இடது கால் எந்நேரமும் பிரேக் மேலேயே கிடந்தது. பின்னால் சிவப்பு விளக்கு அணையவே இல்லை. எப்போதும் எரிகிற விளக்கை வைத்து, இவள் நிஜமாக நிற்கப்போகிறாள் என்று பின்னால் வருகிறவனுக்கு எப்படித் தெரியும்? ஏற்கெனவே ஒருவன் வந்து இடித்திருக்கிறான். அதற்கும் ராக்கெட் இவளைத்தான் திட்டியிருக்கிறார்.

இடது செருப்பைக் கழற்றி, காலைப் பின்னுக்கு இழுத்து வைக்கச் சொன்னேன். வலது குதிகால் பிரேக்குக்கு நேரே தரையில் ஊன்றியிருக்க, முன்பாதம் மட்டும் இங்கும் அங்கும் திரும்ப வேண்டும்.

"ஒரே கால்தான் வேலை செய்யணும். அது பிரேக்ல இருந்தா ஆக்சிலரேட்டர்ல இருக்க முடியாது. பயந்துபோய் மிதிச்சாலும் ஒண்ணைத்தான் மிதிப்பே. ஆத்துல ஒரு கால், சேத்துல ஒரு கால் வேணாம்."

முதல் நாள் அழுதாள். மூன்றாம் நாள் ஓட்டினாள்.

டெஸ்ட் அன்று என் ஸ்கூலின் ஆட்டோமேட்டிக் வண்டியில், அவள் ஓட்டக் கிளம்பினோம். ராக்கெட்டும் பின் சீட்டில் ஏறிக்கொண்டார். தைரியம் சொல்ல வந்தாராம். வழியெல்லாம் இடது காலைப் பிரேக்கில் எடுத்து வை, எடுத்து வை என்று நச்சரித்தார். டெஸ்ட் நடக்கும் இடம் நெருங்க நெருங்க, அவளுடைய இடது கால் மெல்ல முன்னால் வருவதைப் பார்த்தேன். அதற்கு மேல் என்னால் பொறுக்க முடியவில்லை. பக்கத்தில் இருந்த காலி மைதானத்துக்குள் வண்டியைத் திருப்பச் சொன்னேன்.

"மாப்பிள்ளை, நீங்களே ஓட்டிக் காட்டுங்க."

அவர் குஷியாக இடம் மாறினார். தங்கை பின்னால் போய், நடுவில் எட்டிப் பார்த்தபடி உட்கார்ந்தாள். ஸ்கூல் வண்டி என்பதால் என் பக்கமும் ஒரு பிரேக் உண்டு. அதன் மேல் காலை வைத்துக்கொண்டு, அவர் ஒரு சுற்று முடிக்கும்வரை பேசாமல் இருந்தேன். பிறகு திடீரென்று டேஷ்போர்டில் ஓங்கி அடித்து, நிறுத்துங்க என்று கத்தினேன்.

அவருடைய இரண்டு காலும் ஒன்றாக இறங்கின, வலது கால் இன்னும் பலமாக. எஞ்சின் அலறியது. வண்டி நிற்காமல் மைதானத்துச் சுவரைப் பார்த்துப் பாய்ந்தது. நான் என் பிரேக்கை அழுத்தி மிதித்தேன். சுவருக்குக் கையளவு தூரத்தில் நின்றது.

"உங்க வண்டியில பிரேக் சரியில்லக்கா" என்றார், வேர்வையைத் துடைத்துக்கொண்டே.

ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். எனக்குக் கை துறுதுறுத்தது. ஆனால் பின்னாலிருந்து தங்கை பேசினாள்.

"நான் பாத்தேன். ரெண்டையும் சேத்து மிதிச்சீங்க. இதைத்தான் எனக்குச் சொல்லிக்குடுத்தீங்க."

அவர் இறங்கிப் பின் சீட்டுக்குப் போனார். அவள் முன்னால் வந்து உட்கார்ந்து இடது செருப்பைக் கழற்றினாள்.

டெஸ்ட் எடுக்கும் அதிகாரியோடு அவள் போனபோது நான் வெளியே நின்று வண்டியின் பின்பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். சிவப்பு விளக்கு அணைந்திருந்தது. யாரோ குறுக்கே போக, எரிந்தது, வண்டி நின்றது. ஆள் போனதும் அணைந்தது. எனக்குக் கண் நிறைந்துவிட்டது.

பாஸ். அவள் இறங்கி வருவதற்குள் ராக்கெட் அங்கே நின்ற எல்லோரிடமும் கை குலுக்கிக்கொண்டிருந்தார். தான் போட்ட அஸ்திவாரம் வீண்போகவில்லை என்று சொல்லிக்கொண்டே பின் கதவைத் திறக்க வந்தார். நானும் தங்கையும் உள்ளே உட்கார்ந்ததும் அவள் கதவைப் பூட்டினாள். கண்ணாடியைக் கொஞ்சமாக இறக்கினாள்.

"நீங்க நடந்து வாங்க. ஆண்டவன் ரெண்டு கால் எதுக்குக் குடுத்தான்?"

வீடு வரைக்கும் என் பக்கத்துப் பிரேக்கை நான் தொடவே இல்லை.