மஞ்சள் பட்டை

டுவேன் தன் விளம்பரத் தடுப்புக் கருவியை அணைத்ததும் அக்கா லின்னியாவின் மடிக்கணினியில், புகைப்படத் தளத்தின் உச்சியில், ஒரு மஞ்சள் பட்டை முளைத்தது. கணக்கை உறுதிசெய்யத் தந்த அறுபது நாளில் இன்றே கடைசி நாள். தவறினால் மாலை ஐந்து மணிக்குப் படங்கள் அழிக்கப்படும். மணி நான்கைத் தாண்டியிருந்தது.

லின்னியாவோடு வேலை செய்பவள் மதியம் அவளிடம் கேட்டிருக்கிறாள், உறுதிசெய்துவிட்டாயா என்று. என் பக்கத்தில் அப்படி எதுவும் வரவில்லையே என்று லின்னியா தம்பியை அழைத்தாள். அவனுக்குக் காரணம் உடனே புரிந்துவிட்டது. டுலூத் நகரின் மேட்டுத்தெரு முழுக்கப் பனிச்சேற்றில் வழுக்கியபடி காரை ஓட்டி வந்தான்.

"அறுபது நாளா இது இங்கதான் இருந்துச்சா?"

"ஆமாக்கா."

ஓர் இணையப் பக்கம் கண்ணுக்குத் தெரிவதற்கு முன் அதைப் பிடித்து, வேறு உருவம் கொடுத்து அனுப்புவது அவன் எழுதிய கருவி. எழுத்தைப் பெரிதாக்கும், பக்கவாட்டுக் குப்பையைக் கூட்டித் தள்ளும். விளம்பரங்களைப் பெயர் வைத்துத் தடுத்தால் தளக்காரர்கள் வாராவாரம் பெயரை மாற்றிவிடுவார்கள். அதனால் டுவேன் நடத்தையைப் பார்த்தான்: உருட்டினாலும் நகராமல் உச்சியில் ஒட்டிக்கொண்டிருப்பது எதுவானாலும் மறை. ஒரே வரி. அந்த வரிக்காக நாலாயிரம் பேர் நன்றி எழுதியிருந்தார்கள். விளம்பரம் மட்டும்தான் அப்படி ஒட்டிக்கொள்ளும் என்று அவன் நம்பியிருந்தான்.

உறுதிசெய்யும் பொத்தானை அழுத்தினான். கணக்கு அக்காவின் கணவன் ஆர்லோவின் பெயரில் இருந்தது; அவன் கைபேசிக்கு உறுதிசெய்யும் எண் அனுப்பியிருப்பதாகத் தளம் சொன்னது. அந்த இணைப்பை லின்னியா ஏப்ரலில், கணவனை அடக்கம் செய்த மறு வாரம், துண்டித்திருந்தாள். எச்சரிக்கை மின்னஞ்சல்களும் ஆர்லோவின் முகவரிக்கே போயிருக்கும். அதன் கடவுச்சொல் யாருக்கும் தெரியாது.

அழியும் முன் இறக்கிக்கொள்வது ஒன்றுதான் வழி. படத்தை இறக்கும் பொத்தானைத் தானே அழுத்திக்கொண்டேயிருக்கும் சிறு நிரலை டுவேன் நின்றபடியே எழுதினான். கடைசி நாள் கூட்ட நெரிசலில் தளம் திணறியது. ஒரு படத்துக்குப் பத்து வினாடி. மிச்சமிருந்த நாற்பது நிமிடத்துக்கு இருநூற்று நாற்பது படம். ஆர்லோ பதினொரு ஆண்டுகளில் சேர்த்தது ஒன்பதாயிரத்துச் சொச்சம்.

"எந்த வருஷத்துல இருந்து எடுக்கட்டும்?"

"நீயே சொல்லு. யாருக்கு எது வேணும், எது வேண்டாம்னு நீதானே முடிவு பண்ணுவ?"

டுவேன் வருடங்களின் பட்டியலைத் திறந்து திரையை அவள் பக்கம் திருப்பினான்.

"மீன் படத்தையெல்லாம் விடு," என்றாள். "பிடிச்ச ஒவ்வொரு மீனோடயும் நின்னு போஸ் குடுத்திருப்பாரு, பெருசா சாதிச்ச மாதிரி. கடைசி வருஷமும் வேண்டாம். ஆஸ்பத்திரி." பிறகு அவன் தோளைப் பிடித்தாள். "இல்லடா. கடைசி வருஷத்தையே எடு. அப்பத்தான் எனக்காக நின்னு சிரிச்சாரு."

படங்கள் ஒவ்வொன்றாக வந்தன. சுவரில் வெப்பக்குழாய் மட்டும் டிக் டிக்கென்றது.

ஐந்தடிக்க ஒரு நிமிடம் இருக்கையில் அடுத்த படம் மேலிருந்து வரிவரியாகத் திறந்தது. ஏரியின் சாம்பல் வானம். சிவப்புக் கம்பளித் தொப்பி. நெற்றி. நரைத்த புருவம். அங்கே வரி நின்றது. கீழே வெறும் வெண்மை.

டுவேன் விசைப்பலகையை நோக்கிக் கையை நீட்டினான்.

"தொடாத," என்றாள் லின்னியா, திரையிலிருந்து கண்ணை எடுக்காமல். "வருவாரு. இரு."