அறுபத்துநாலு வீட்டுத் துணி

மனித குலம் எந்த இடத்தில் தவறான திசையில் திரும்பியது என்பதை நான் கண்டுபிடித்திருக்கிறேன். நெருப்பு சரி. சக்கரம் சரி. துணி நெய்தது மிகவும் சரி. அதற்கப்புறம் யாரோ ஒருவர், நெய்து முடித்த நல்ல துணியைத் துண்டு துண்டாக வெட்டி, அந்தத் துண்டுகளை மறுபடி சேர்த்துத் தைத்து, "பார், துணி!" என்றார். அன்றிலிருந்து இறங்குமுகம்தான்.

இதை நான் விளையாட்டாகச் சொல்லவில்லை. ஜாதவ்பூர் பல்கலைக்கழகத்தில் எங்கள் துறையின் சுவர்ப் பத்திரிகையில் மூன்று பக்கத்துக்கு எழுதி ஒட்டியிருக்கிறேன். கடைசிப் பத்தியில் ஓர் உறுதிமொழியும் உண்டு: உயிருள்ளவரை ஊசியைத் தொட மாட்டேன், சட்டையில் பொத்தான் அறுந்தால் அது அந்தப் பொத்தான் எடுத்த முடிவு, அதை மதிப்பேன். கட்டுரையைப் பதினோரு பேர் படித்தார்கள். அவர்களில் இரண்டு பேர் பக்கத்தில் ஒட்டியிருந்த மெஸ் அறிவிப்பைத் தேடி வந்தவர்கள். பத்திரிகையின் ஆசிரியனான கௌசிக், "இதுதான்டா உன் உச்சம்" என்றான். அதன் பிறகு நான் மூன்று பொத்தான்களை இழந்தேன். கொள்கை என்றால் காற்றோட்டம் இருக்கத்தான் செய்யும்.

கட்டுரைக்குத் தூண்டுகோல் என் அக்கா ஹம்சினி. மார்ச் மாதம் கம்பெனி வேலையை விட்டுவிட்டு, லேக் மார்க்கெட் பக்கத்தில் இருக்கும் எங்கள் குடியிருப்பின் மொட்டை மாடியைப் பிடித்துக்கொண்டாள். காய்கறிக்காரர்களிடம் வெங்காயத் தோல் கேட்டு வாங்கி வந்தாள். மாதுளைத் தோல், கடுக்காய், அவுரி என்று எதெதையோ கொதிக்க வைத்துத் துணிகளை முக்கினாள். அவள் வெங்காயத்தை விட்டுத் தோலை மட்டும் வாங்குவதைப் பார்த்த ஒரு கடைக்காரர், அம்மாவைத் தனியாக அழைத்து, "வீட்டில் ஏதாவது கஷ்டமா, பௌதி?" என்று அண்ணி முறை வைத்து வங்காளத்தில் விசாரித்தார். "ஹம்சினி இப்போ என்ன பண்றா?" என்று சொந்தக்காரர்கள் போனில் கேட்டால் அம்மா பத்மஜா கொஞ்சமும் தயங்காமல் சொல்வாள்: "துணி தோய்க்கறா."

ஆகஸ்டில் எங்கள் தெருவின் துர்கா பூஜைக் கமிட்டி அவளுக்கு ஒரு வேலை கொடுத்தது. பந்தலின் நுழைவாயில் ஓரமாகத் தொங்கப் பன்னிரண்டு அடி அகலம், எட்டடி உயரத்தில் ஒரு கந்தா. கந்தா என்றால் பழைய துணிகளை அடுக்கி ஓட்டுத்தையல் போட்டுச் செய்யும் வங்காளத்துப் போர்வை. ஹம்சினி தெருவில் அறுபத்துநாலு வீடுகள் ஏறி இறங்கி வீட்டுக்கு ஒரு பழைய துணி வாங்கினாள். எல்லாவற்றையும் சாயம் போட்டாள். வெட்டினாள். சேர்த்தாள். மேலே சொன்ன வரலாற்றுப் பிழையை அறுபத்துநாலு முறை செய்தாள்.

கமிட்டிச் செயலாளர் புல்டுதா, அதாவது புல்டு அண்ணன், ஒரே ஒரு நிபந்தனை போட்டிருந்தார். மகாளய அமாவாசைக்கு அடுத்த சனிக்கிழமை மாலை ஐந்து மணிக்குக் கந்தா வாயிலில் ஏற வேண்டும். ஏறாவிட்டால் அந்த இடத்தில் ஒரு பனியன் கம்பெனியின் பேனர் ஏறும். பேனர் ஏற்கெனவே தயாராக இருந்தது. அதில் பனியன் போட்ட ஒருவர் மார்பை நிமிர்த்தி அடிவானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஆறு மாதமாக மாடியில் ஒளிந்து என்ன செய்கிறாள் என்று உலகம் கேட்டதற்கு ஹம்சினியிடம் இருந்த ஒரே பதில் அந்தக் கந்தாதான். பனியன்காரருக்கு அது தெரியாது.

சனிக்கிழமை காலை நிலவரம் இது. கந்தா முடிந்துவிட்டது, சுற்றிலும் ஓடும் மஞ்சள் கரை மட்டும் பாக்கி. அப்பாவின் பழைய வேஷ்டிகளைக் கிழித்து, மஞ்சளில் சாயமேற்றிய இருபது பட்டைகள். மஞ்சள் சாயம் வெயிலில் வெளுத்துவிடும் என்பதால் அதைக் கடைசி நாளுக்கு ஒதுக்கியிருந்தாள். பட்டைகளைப் பச்சை பக்கெட்டில் ஊறப் போட்டுவிட்டு, நூல் வாங்கக் கரியாஹாட் போயிருந்தாள்.

"ஷ்யாம், மாடில பக்கெட்ல இருக்கறதை அலசி ஒணத்திட்டு வாடா" என்றாள் அம்மா. "நீதான் சும்மா இருக்கியே."

சும்மா இல்லை, யோசித்துக்கொண்டிருந்தேன். இருந்தாலும் போனேன். அடுத்தவர் உழைப்பைக் குறை சொல்பவன் தன் வேலையில் குறை வைக்கக் கூடாது. ஆகவே வெறும் தண்ணீரில் அலசுகிற சோம்பேறித்தனத்தைத் தவிர்த்து, வாஷிங் பவுடரை இரண்டு கை அள்ளிப் போட்டு நன்றாகக் கலக்கினேன்.

தண்ணீர் சிவந்தது. பட்டைகளும் சிவந்தன. ரோஜாச் சிவப்பு இல்லை. யாரோ அடிபட்ட சிவப்பு. நான் கொஞ்சம் பின்னால் நகர்ந்து நின்றேன்.

அம்மா மேலே வந்து எட்டிப் பார்த்தாள். "கடங்காரா! ஆரத்தி கரைச்சு வெச்சிருக்கியே, யாருக்குடா கல்யாணம்?"

"நான் ஒண்ணும் பண்ணலைம்மா. சோப்புத்தான்."

"மஞ்சள்ல சோப்புப் போடுவாளாடா? சுண்ணாம்பு போட்டா என்ன ஆகும்? ஆரத்தி ஆகும். சோப்பும் அதேதான். இருபது வயசாறது, எத்தனை ஆரத்தி பாத்திருக்கே?"

பார்த்திருக்கிறேன். ஆனால் ஆரத்தியை இதுவரை வேதியியலாக யாரும் எனக்கு அறிமுகம் செய்யவில்லை.

அப்போதுதான் ஹம்சினி படியேறி வந்தாள். அவளுக்குக் கோபம் வந்தால் இங்கிலீஷ் வரும். அதிகக் கோபம் என்றால் வங்காளம். பக்கெட்டைப் பார்த்தாள். எந்த மொழியும் வரவில்லை. நூல் பையோடு அப்படியே தரையில் உட்கார்ந்தாள்.

"அஞ்சு மணி" என்றாள். "அஞ்சு மணிக்கு பனியன் ஏறிடும்."

"அக்கா, சிவப்பும் நன்னாத்தான்..."

"நீ பேசாதே."

அம்மா ஒரு பட்டையைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்துக்கொண்டிருந்தாள். "ஏண்டி, உங்கப்பா வேஷ்டில சாம்பார் கொட்டிண்டு வந்து நிப்பாரே, சோப்புப் போட்டா செவந்துடுமோல்லியோ? நான் ஒரு மூடி எலுமிச்சம்பழம் தேய்ப்பேன். பழையபடி மஞ்சளாயிடும்."

ஹம்சினி தலையைத் தூக்கினாள். "ஆயிடுமா?"

"ஆயிடும். அதுக்கப்புறம் அந்த மஞ்சள் போகவே போகாது. அதுதான் கஷ்டம்."

"போகாதா?"

"இருபத்தஞ்சு வருஷமாப் போகலை."

ஹம்சினி எழுந்தாள். "புளிப்பு! எனக்கு ஏன் தோணலை? டேய், ஓடு. நாப்பது எலுமிச்சம்பழம்."

லேக் மார்க்கெட்டில் பழக்காரர், "நாற்பதா? ஊறுகாயா, பூஜையா?" என்று கேட்டார். "துணிக்கு" என்றேன். என்னை மேலும் கீழும் பார்த்தார். பொத்தான் இல்லாத சட்டையில் பார்வை கொஞ்சம் தங்கியது. ஒரு பழம் சும்மா போட்டார்.

சோப்புப் போக அலசிய பட்டைகள் மேல் சாற்றைப் பிழிந்து கொட்டினோம். கலக்குவதற்கு ஹம்சினி கையை விட்டாள்; விட்ட வேகத்தில் உதறி எடுத்தாள். ஆகஸ்டிலிருந்து ஊசி குத்திய விரல்கள், சாறு பட்டதும் எரிந்தன. ஆகவே ஊசியே பட்டறியாத, கொள்கைப் பிடிப்புள்ள என் பத்து விரல்களும் உள்ளே போயின. பிசையப் பிசைய, சிவப்பு ஓரத்திலிருந்து பின்வாங்கியது. முதலில் செங்கல் நிறம், அப்புறம் ஆரஞ்சு, அப்புறம் பளிச்சென்று மஞ்சள். நான் வாயைத் திறந்து பார்த்துக்கொண்டிருந்தேன் என்று அம்மா பிற்பாடு எல்லோரிடமும் சொன்னாள். அது பொய். கொஞ்சம்தான் திறந்திருந்தேன்.

உலர்த்தி, இஸ்திரி போட்டு முடித்தபோது மணி ஒன்று. எதிர் ஃப்ளாட்டிலிருந்து அனந்தலக்ஷ்மி மாமி கண்ணாடியும் ஊசியுமாக வந்தாள். மாமி, அம்மா, ஹம்சினி: மூன்று பேர். பட்டை ஒன்றுக்கு முக்கால் மணி. இருபது பட்டை. மூன்று பேர் தைத்தால் ஆறு மணி ஆகும். நாலாவது ஆள் இருந்தால் ஐந்துக்குள் முடியும். இந்தக் கணக்கு அறையில் இருந்த எல்லோருக்கும் தெரிந்தது. யாரும் என்னைப் பார்க்கவில்லை.

"ஷ்யாமைக் கூப்பிடறதுதானே?" என்றாள் மாமி.

"அவனுக்குக் கொள்கை இருக்கு மாமி" என்றாள் ஹம்சினி, தலை நிமிராமல். "சுவத்துல ஒட்டியிருக்கான்."

அவள் கேலியாகச் சொல்லியிருந்தால் பதில் வைத்திருந்தேன். அவள் நிஜமாகவே சொன்னாள். ஊசியில் நூல் கோத்துக் கொடுக்க ஆரம்பித்தேன். கோப்பது தையல் ஆகாது. அது தளவாட உதவி. முடிச்சும் போட்டுக் கொடுத்தேன். முடிச்சு என்பது எல்லாத் துறைக்கும் பொது.

"தையல் ஒவ்வொண்ணும் அரிசி நீளம் இருக்கணும்" என்றாள் ஹம்சினி மாமியிடம்.

"எந்த அரிசி?" என்று கேட்டேன். "பாஸ்மதியா, பொன்னியா?"

"ஒண்ணு கோத்துக் குடு, இல்லேன்னா வெளில போ."

கோத்துக் கொடுத்தேன்.

ஐந்து மணிக்கு வாசலில் சத்தம் கேட்டது. புல்டுதா, இரண்டு ஆட்கள், ஓர் ஏணி, சுருட்டிய பனியன்காரர். புல்டுதாவுக்கு ஐம்பது வயது. பூஜை நாட்களில் அவர் பேசுவது முழுக்க ஆணைகள்தான்.

"முடிந்ததா?" என்றார் வங்காளத்தில்.

"கீழ்க் கரையில் நாலு பட்டை பாக்கி, புல்டுதா. குண்டூசி குத்தி நிறுத்தியிருக்கிறேன்."

"அப்படியானால் முடியவில்லை."

ஹம்சினி கந்தாவைத் தரையில் முழுதாக விரித்தாள். கூடம் போதவில்லை, ஒரு மூலை சமையலறைக்குள் போயிற்று. அவுரி நீலமும் மாதுளை மஞ்சளும் வெங்காயத் தோலின் தாமிர நிறமுமாகத் தெரு முழுவதும் தரையில் கிடந்தது. புல்டுதா கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு ஓரமாக நடந்தார்.

"எங்கள் வீடு எது?"

ஹம்சினி காட்டினாள். கரு நீலத்தில் ஒரு துண்டு. உற்றுப் பார்த்தால் ஏழு என்று ஒரு எண் மங்கலாகத் தெரிந்தது.

"ஆரே, இது என் ஜெர்சி" என்றார் புல்டுதா. குனிந்தார். "கிளப் ஃபுட்பால் டீமில் ரைட் விங் ஆடினேன். இதை யார் கொடுத்தது?"

"உங்கள் மனைவிதான். தரை துடைக்க வைத்திருந்தார்."

அந்த எண்ணின் மேல் விரலை ஓட்டினார். அப்புறம் ஆட்களிடம் திரும்பி, "பனியனை ஜெனரேட்டர் பக்கம் கட்டு" என்றார். ஹம்சினியின் முகம் மலர்வதற்குள் விரலைத் தூக்கினார். "ஆனால் குண்டூசி கூடாது. ஆறே முக்காலுக்குக் கயிற்றை அவிழ்த்துக் கூட்டத்தை விடுவோம். குழந்தைகள் முகத்து உயரத்தில் ஊசியா? ஆறே முக்காலுக்குள் தைத்து முடி. இல்லாவிட்டால் இறக்கிவிடுவேன், ஜெர்சி இருந்தாலும்."

மூங்கிலில் கட்டி ஏற்றியபோது ஐந்தரை. பந்தல் வாயிலில் நின்றபடி மூன்று பேரும் கீழ்க் கரையைத் தைத்தார்கள். கயிற்றுக்கு வெளியே அதற்குள் கூட்டம். "அதோ என் புடவை! அந்தப் பச்சை! முன்னே பச்சை இல்லை, ஆனால் என்னுடையதுதான்!" என்று ஒரு பெண்மணி பக்கத்தில் நின்றவரைப் பிடித்து உலுக்கினார். "எலுமிச்சை வாசனை வருகிறதே" என்றது இன்னொரு குரல். "இந்த வருஷப் பந்தலின் தீம் போலிருக்கிறது" என்றார் விவரம் தெரிந்த ஒருவர்.

ஆறு மணிக்கு இரண்டு பட்டைகள் முடிந்தன. மாமி, "விளக்கேத்தணும்டி, தப்பா நெனச்சுக்காதே" என்று கிளம்பினாள். ஐந்து நிமிடம் கழித்து அம்மாவின் போன் அடித்தது. அப்பா ஆபீசிலிருந்து வந்து, சாவி இல்லாமல் வாசலில் நிற்கிறார். "காலம்பர சாவியை எடுத்துண்டு போங்கோன்னு தலைபாடா அடிச்சுண்டேன்!" என்று போனிடம் சொல்லிக்கொண்டே அம்மா ஓடினாள்.

ஹம்சினி இடது மூலையில் மண்டியிட்டுத் தைத்துக்கொண்டிருந்தாள். வலது மூலையில் இருந்த பட்டை காற்றில் லேசாக ஆடியது, பதினாலு குண்டூசிகள். அவள் ஒருமுறை அந்தப் பக்கம் பார்த்தாள். அப்புறம் தன் பட்டைக்குத் திரும்பி இன்னும் வேகமாகத் தைத்தாள். விரல் நுனியில் சுற்றியிருந்த பிளாஸ்திரி பாதி உரிந்திருந்தது.

நான் கோத்து வைத்திருந்த ஊசி ஒன்று என் சட்டையில், பொத்தான் இருக்க வேண்டிய இடத்தில் குத்தியிருந்தது. எடுத்தேன். வலது மூலைக்குப் போய்ச் சப்பணமிட்டு உட்கார்ந்தேன்.

முதல் தையல் அரிசி நீளம் வரவில்லை; அவல் நீளம் வந்தது. பிரித்து மறுபடி போட்டேன். மூன்றாவது தையலில் விரலில் குத்தியது. எட்டாவதில் கை ஒரு வழிக்கு வந்தது: துணிக்குள் போ, வெளியே வா, போ, வா. ஒவ்வொரு குண்டூசியாக எடுத்து வாயில் கவ்விக்கொண்டேன். ஹம்சினி அந்த மூலையிலிருந்து பார்த்தாள். ஏதாவது சொல்வாள் என்று காத்திருந்தேன்.

"கொஞ்சம் நெருக்கமாப் போடு" என்றாள். அவ்வளவுதான்.

நெருக்கமாகப் போட்டேன்.

ஆறு நாற்பதுக்குக் கயிற்றுப் பக்கம் ஒரு தெரிந்த குரல். "ஷ்யாம்?" கௌசிக். கூடவே வகுப்பில் பாதி. பந்தல் பார்க்கக் கிளம்பியவர்கள். அவன் கயிற்றின் மேல் குனிந்து என் கையைப் பார்த்தான், கந்தாவைப் பார்த்தான், மறுபடி கையைப் பார்த்தான். பின்னால் யாரோ போனை வெளியே எடுத்தார்கள்.

"டேய், இது நீதானா?"

வாயில் நாலு குண்டூசி இருந்தது. எடுத்துச் சட்டைப் பையில் போட்டேன். இன்னும் ஒரு சாண் பாக்கி.

"வெளிச்சத்தை மறைக்காதே" என்று சொல்லிவிட்டு அடுத்த தையலைப் போட்டேன்.