தெரிந்து செய்தது

நஃபீஸத் குடும்பத்தோடு பயணம் சொல்ல வருகிறாள் என்று தெரிந்ததும், ரைஹானத் அக்கம்பக்கத்துப் பெண்கள் நாலு பேரை டீ குடிக்க வரச் சொல்லி அனுப்பினாள். கூப்பிட்டு உபசரிக்கிற குணமெல்லாம் அவளுக்குக் கிடையாது. ஒரு வடை கூடுதலாகச் சுட்டாலும் எண்ணெய் விலையைப் பற்றிப் பேசுகிறவள். அன்றைக்குத் தட்டு நிறையச் சுட்டு அடுக்கினாள். அவளுக்குச் சாட்சிகள் தேவைப்பட்டார்கள்.

மேலப்பாளையத்தில் யாராவது கடல் தாண்டிப் போகிறார்கள் என்றால், சொந்தக்காரர் வீடு ஒன்றையும் விடாமல் ஏறி இறங்கிப் பயணம் சொல்ல வேண்டும். “தெரிஞ்சோ தெரியாமலோ ஏதாவது செஞ்சிருந்தா பொறுத்துக்கிடுங்க” என்று கேட்க வேண்டும். வீட்டுக்காரர் “பொறுத்துட்டேன், நீங்களும் பொறுத்துக்கிடுங்க” என்று சொல்லி அனுப்ப வேண்டும். படைத்தவனுக்குச் செய்த குற்றத்தைப் படைத்தவன் மன்னிப்பான். மனுசருக்குச் செய்ததை அந்த மனுசர்தான் மன்னிக்க வேண்டும். இல்லையென்றால் அவருக்குரிய அந்த ஹக்கு, தீராத கடனாக, மறுமை நாளில் கழுத்தைப் பிடிக்கும். இது சின்னப் பிள்ளைக்கும் தெரியும். ஆனாலும் யாரும் யோசித்துக் கேட்பதில்லை, யோசித்துச் சொல்வதுமில்லை. செருப்பை மாட்டிக்கொண்டே கேட்டுவிட்டுப் போகிறவர்கள்தான் அதிகம். அதற்காக ஒரு வீட்டை விட்டுவிட்டுப் போக முடியாது. ஏன் அந்த வீட்டுக்குப் போகவில்லை என்று ஊர் கேட்கும். மடியில் கனம் இருந்தால்தானே வழியில் பயம் என்பார்கள். ஆகவே நஃபீஸத் வந்தே தீர வேண்டும். ரைஹானத் இதற்காகத்தான் மூன்று வருஷமாகப் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தாள்.

நஃபீஸத் அவளுடைய நாத்தனார். கணவன் காஜா முகைதீனின் ஒரே தங்கை. ரைஹானத் கல்யாணமாகி வந்தபோது பள்ளிக்கூடப் பாவாடையோடு வாசலில் நின்று வேடிக்கை பார்த்த பெண். அவளுக்குப் பேன் பார்த்துவிட்டது, பேறுகாலத்தில் பக்கத்தில் படுத்துக் கிடந்தது எல்லாம் ரைஹானத்தான். அப்படிப்பட்டவள் கூட இருந்தே குழி பறித்தாள். ரைஹானத்தின் மகள் முஃபீதாவுக்குக் கடையநல்லூரிலிருந்து ஒரு வரன் வந்திருந்தது. மாப்பிள்ளை கனடாவில், டொரண்டோவுக்குப் பக்கத்தில் சொந்த வீட்டோடு இருந்தான். பெண் பார்த்து, இரண்டு பக்கமும் பிடித்துப்போய், நிச்சயத்துக்கு நாளும் குறித்தாயிற்று. பிறகு ஒருநாள் வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். தரகு பேசிய பெண்ணைப் பிடித்து உலுக்கியதில் அவள் சொன்னாள்: “பிள்ளைக்கு வலிப்பு வருமாமே. ஒங்க நாத்தனாரே சொன்னாவளாம்.”

முஃபீதாவுக்கு அவள் ஆயுசில் ஒரு வலிப்பு வந்தது கிடையாது. அண்டப்புளுகு. அது ஏன் என்பதும் சீக்கிரத்தில் விளங்கிவிட்டது. அதே மாப்பிள்ளையை நஃபீஸத்தின் கணவன் அனஸ், தன் அக்கா மகளுக்குப் பேசி முடித்தான். கல்யாணமாகிக் கனடா போன கையோடு அந்த மாப்பிள்ளை அனஸுக்கு அங்கே ஒரு வேலைக்கு ஏற்பாடு செய்தான். இப்போது அனஸ், நஃபீஸத், இரண்டு பிள்ளைகள் எல்லாரும் அவன் வீட்டுக் கீழ்த்தளத்திலேயே குடியிருக்கப் போகிறார்கள். தன் மகளின் வாழ்க்கையை விற்று நான்கு பேருக்கு டிக்கெட் எடுத்திருக்கிறார்கள் என்பதில் ரைஹானத்துக்குச் சந்தேகமே இல்லை. கணவனிடம் சொன்னபோது அவன், “என் தங்கச்சி அப்படிச் சொல்ல மாட்டா. தரகுக்காரி பேச்சக் கேட்டு ஆடாத” என்று கைலிக் கடைக்குக் கிளம்பிப் போய்விட்டான். முஃபீதாவிடம் பேச்சை எடுத்தால் “விடும்மா” என்பாள். பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சராகச் சேர்ந்திருந்தாள். வருவாள், சாப்பிடுவாள், பேப்பர் திருத்துவாள், “விடும்மா” என்பாள். இந்தப் பிள்ளைக்கு உப்பு உறைப்பே கிடையாதா என்று ரைஹானத்துக்கு எரிச்சலாக வரும்.

அஸர் தொழுகை முடிந்து அவர்கள் வந்தார்கள். நஃபீஸத் புதுப் புர்கா உடுத்தியிருந்தாள். முஃபீதா டீயைக் கொண்டுவந்து வைத்துவிட்டு உள்ளே போனாள். கனடாவின் குளிரைப் பற்றி, விமானத்தில் எத்தனை கிலோ விடுவார்கள் என்பதைப் பற்றிப் பக்கத்து வீட்டுப் பெண்கள் விசாரித்தார்கள். அனஸ் கடிகாரத்தைப் பார்த்தான். நஃபீஸத் எழுந்து வந்து ரைஹானத்தின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டாள்.

“வாரேன் மயினி. தெரிஞ்சோ தெரியாமலோ ஏதாவது செஞ்சிருந்தா பொறுத்துக்கிடுங்க.”

ரைஹானத் கையை உருவிக்கொள்ளவில்லை. நாலு பேருக்கும் கேட்கிற மாதிரி நிதானமாகச் சொன்னாள்.

“தெரியாம செஞ்சத எல்லாம் பொறுத்துட்டேன், நஃபீஸத். தெரிஞ்சு செஞ்சத நீ பேரு சொல்லிக் கேளு. கேட்டா அதையும் பொறுக்கேன்.”

வடையைக் கடிக்கப் போன ஒருத்தி அப்படியே நிறுத்தினாள். நஃபீஸத்தின் முகத்தில் ரத்தம் வற்றியதை எல்லாரும் பார்த்தார்கள்.

“என்னத்த மயினி சொல்லுதிய? எனக்கு ஒண்ணும் வெளங்கலயே.”

“வெளங்கும். இங்கன முடியலன்னா அங்கன போயிப் பைய யோசி. அவசரமில்ல. மறும வரைக்கும் நாளு கெடக்கு.”

காஜா முகைதீன் எழுந்து வெளியே போய்விட்டான். அனஸ் பிள்ளைகளை இழுத்துக்கொண்டு படியிறங்கினான். நஃபீஸத் வாசலில் ஒரு தடவை திரும்பிப் பார்த்தாள், பிறகு போனாள். பெண்கள் நாலு பேரும் மிச்ச வடையைக் கூட முடிக்காமல் கலைந்தார்கள். அவர்களுக்கு அவசரமாகப் போய்ச் சொல்ல வேண்டியது இருந்தது. உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியுமா? மூட வேண்டும் என்று ரைஹானத்துக்கு ஆசையும் இல்லை. அன்றிரவு அவள் தலையணையில் தலை வைத்ததும் தூங்கிப்போனாள்.

அவர்கள் போன பிறகு குடும்பக் குழுவில் படங்கள் வந்தன. பனியில் கால் புதைய நிற்கும் பிள்ளைகள், நம்மூர்ப் புட்டுமாவும் கருவேப்பிலையும் அடுக்கியிருக்கிற கடை, அனஸின் வேலையிடத்து அடையாள அட்டை. எல்லாரும் மாஷா அல்லாஹ் போட்டார்கள். ரைஹானத் பார்த்துக்கொண்டு மட்டும் இருந்தாள். சீக்கிரத்தில் அவளுக்குத் தனியாகக் குரல் செய்திகள் வரத் தொடங்கின. முதலில் ஒன்றுமே நடக்காத மாதிரி நலம் விசாரிப்பு. பிறகு கொஞ்சம் கொஞ்சமாகச் சுதி இறங்கியது. “இங்கன நெத்திலிக் கருவாடு கெடைக்கி மயினி. பொரிச்சா மேல வாடை வருதுன்னு அவ கதவத் தட்டுதா.” “சன்னல் தரையோட தரையா இருக்கு மயினி, பனி வந்து மூடிட்டுன்னா பகல்லயும் லைட்டுதான்.” “மேல அவ நடக்குத சத்தம் தலைக்கு மேலயே கேட்டுக்கிட்டு இருக்கு.” மேலே நடக்கிறவள் அனஸின் அக்கா மகள். முஃபீதா நடந்திருக்க வேண்டிய தரையில் நடக்கிறாள். அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டே ரைஹானத் அந்தச் செய்தியை மறுபடி மறுபடி போட்டுக் கேட்டாள். வாயில் கற்கண்டு கிடந்ததைப் போல இனித்தது. பதில் எதுவும் அனுப்பவில்லை. கேட்டுவிட்டாள் என்பது மட்டும் அங்கே நஃபீஸத்துக்குத் தெரியும். தெரியட்டும் என்றுதான் ஒன்றுவிடாமல் கேட்டாள்.

“ஒரு வார்த்த சொல்லித் தொலையேன், அவ அழுவுதா” என்றான் காஜா முகைதீன்.

“பேரு சொல்லச் சொல்லுங்க” என்றாள் ரைஹானத்.

இடையில் பேட்டையிலிருந்து முஃபீதாவைப் பார்க்க ஒரு குடும்பம் வந்தது. பிடித்திருக்கிறது என்று சொல்லிவிட்டுப் போனவர்கள், பிறகு தொலைபேசியை எடுக்கவே இல்லை. அதையும் ரைஹானத் நஃபீஸத்தின் தலையில்தான் போட்டாள்.

தை மாதத்தில் ஒருநாள், காலை வேலையெல்லாம் ஒழிந்து அவள் தனியாக அரிசி புடைத்துக்கொண்டிருந்தபோது, நீளமான ஒரு செய்தி வந்தது. பின்னணியில் ஏதோ இயந்திரம் ஓயாமல் உருண்டுகொண்டிருந்தது.

“மயினி, பிள்ளையள் தூங்கிட்டாவ. அவிய ராத்திரி வேலைக்குப் போயிட்டாவ. துணி காய வைக்குத மெசினுக்குப் பக்கத்துல இருந்து பேசுதேன், இந்தச் சத்தத்துல மேல கேக்காது. நீங்க பேரு சொல்லிக் கேக்கச் சொன்னிய. சொல்லுதேன். முஃபீதாவுக்கு வலிப்பு வரும்னு கடையநல்லூர்ல அந்த அம்மாட்ட நான்தான் சொன்னேன். அவளுக்கு ஒரு நாளும் வந்ததில்ல, எனக்குத் தெரியும். தெரிஞ்சுதான் சொன்னேன். அவிய அக்கா மகளுக்கு அந்த எடம் அமைஞ்சா எங்க வீட்டுல என்னைய மதிப்பாவன்னு நெனச்சேன். இப்ப அவ மேல இருக்கா, நான் கீழ கெடக்கேன். தொழுகைக்குத் தக்பீர் கட்டி நின்னா ஒங்க மொகம்தான் வருது. பொறுத்துட்டேன்னு ஒரு வார்த்த சொல்லுங்க மயினி.”

ரைஹானத் அரிசிச் சுளகைக் கீழே வைத்தாள். இன்னொரு தடவை கேட்டாள். அப்புறம் சிரித்தாள், வீட்டில் யாருமில்லாமல், வாய்விட்டு. இதை அப்படியே குடும்பக் குழுவில் போட்டால் போதும். தங்கச்சி அப்படிச் சொல்ல மாட்டாள் என்ற மனுசன் கடையில் உட்கார்ந்து கேட்பார். வடையை விட்டுவிட்டு ஓடிப்போன நாலு பேரும் கேட்பார்கள். கடையநல்லூருக்குப் போகும், அங்கிருந்து ஒரே மூச்சில் கனடாவுக்குப் போகும். ஏமாந்துதான் கல்யாணம் செய்தோம் என்று மாப்பிள்ளைக்குத் தெரிந்தால் மேல்வீடு என்ன ஆகும், கீழ்வீடு என்ன ஆகும், வேலை என்ன ஆகும்? நாலு பேரும் பெட்டியோடு பனியில் நிற்கட்டும்.

ஆனால் பேரைச் சொன்னால் பொறுக்கிறேன் என்று நாலு பேர் முன்னால் வாக்குக் கொடுத்தவளும் அவள்தான். அதைக் கொஞ்ச நேரம் யோசித்தாள். பொறுக்கிறேன் என்றுதான் சொன்னேன், மறைக்கிறேன் என்று சொல்லவில்லையே. முதலில் பொறுத்துவிடுவோம், பிறகு அனுப்புவோம் என்று முடிவு செய்தாள். பேசுவதற்கான பொத்தானை அழுத்திப் பிடித்து “பொறுத்து” என்று தொடங்கினாள். அதற்கு மேல் நாக்கு எழவில்லை. முஃபீதா வரட்டும், அவள் கேட்டுச் சந்தோஷப்பட்ட பிறகு சொல்லிக்கொள்ளலாம் என்று போனை மடியில் வைத்துக்கொண்டு மதியம் முழுக்கச் சாப்பிடாமல் இருந்தாள்.

முஃபீதா பள்ளிக்கூடம் விட்டு வந்து, தோள்பையைக் கூட இறக்காமல் நின்றபடியே கேட்டாள். இயந்திரம் உருளும் சத்தத்தோடு செய்தி முடிந்தது. மகள் கட்டிப்பிடித்து அழுவாள் என்று ரைஹானத் எதிர்பார்த்தாள். அவள் அழவில்லை.

“பொறுக்கச் சொல்லி மாமி எதுக்கு ஒங்கிட்ட கேக்காவ?”

“பெறகு யார்ட்ட கேப்பா?”

“வலிப்புக்காரின்னு சொன்னது என்னைய. ஹக்கு என்னுதும்மா.”

ரைஹானத் அப்போதுதான் அதை யோசித்தாள். பயணம் சொல்ல வருகிறவர்கள் பெரியவர்களிடம்தான் பொறுத்துக்கொள்ளச் சொல்லிக் கேட்பார்கள். கல்யாணமாகாத பெண்ணிடம் யார் கேட்பது? அவள் டீயை வைத்துவிட்டு உள்ளே போகிறவள். இத்தனை நாளில் நஃபீஸத்துக்கும் அது தோன்றவில்லை, தனக்கும் தோன்றவில்லை.

“அன்னைக்கு நாலு பேரக் கூட்டி வச்சு, பேரு சொல்லுன்னு கேட்டியே” என்றாள் முஃபீதா. குரல் உயரவே இல்லை. “அது வரைக்கும் இந்த விசயம் ரெண்டு வீட்டுலதான் இருந்துச்சு. பெறகுதான் என்னது, ஏதுன்னு தோண்டித் தெருவே தெரிஞ்சுக்கிட்டுது. பேட்டைக்காரங்களுக்கு யாரு சொல்லியிருப்பாவன்னு நெனச்ச? கனடாவுல இருந்து மாமியா?”

“நீதானட்டி விடும்மா, விடும்மான்னு சொன்னே.”

“ஒன்னைய விடச் சொன்னேன். நான் விட்டுட்டேன்னு எப்ப சொன்னேன்?”

முஃபீதா போனை வாங்கினாள். செய்தியைத் தன் போனுக்கு மாற்றிக்கொண்டு, தாயின் போனில் இருந்ததை அழித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தாள். மூன்று வருஷமாக ரைஹானத் கையில் பிடித்திருந்தது அத்தோடு போயிற்று. முஃபீதா உள்ளே போய் முகம் கழுவி, உடுப்பு மாற்றி வந்து தரையில் உட்கார்ந்தாள்.

“அங்கன விடிஞ்சிருக்குமா?”

“இன்னும் இருட்டாத்தான் இருக்கும்” என்றாள் ரைஹானத். “என்ன செய்யப் போற?”

“தூங்குதவள எழுப்ப வேண்டாம். எழும்பட்டும்.” பிறகு, “பசிக்கும்மா, சோறு போடு” என்றாள்.

ரைஹானத் தட்டில் சோற்றைப் போட்டு மீன் குழம்பை ஊற்றினாள். கையில் கரண்டியோடு அப்படியே நின்றாள். இத்தனை வருஷத்தில் முதல் தடவையாக அவளுக்கு நஃபீஸத்துக்காகப் பயமாக இருந்தது. பொறுத்துட்டேன் என்று சொல்லிவிடலாமா என்று தோன்றியது. சொல்ல அவளுக்கு என்ன ஹக்கு இருக்கிறது?

முஃபீதா மீனைப் பிட்டு, முள்ளை ஒவ்வொன்றாக உருவித் தட்டின் ஓரத்தில் வரிசையாக வைத்தாள். அவசரப்படாமல் சாப்பிட்டாள். பக்கத்தில் தரையில் நஃபீஸத்தின் செய்தியைத் திறந்து வைத்திருந்த தன் போனின் வெளிச்சம் மங்கும்போதெல்லாம், அணையவிடாமல் இடது கை விரலால் ஒரு தடவை தொட்டுக்கொண்டாள்.