தகர டப்பாவில் சிக்கிய பெயர்

அமோண்டி தன் லேப்டாப்பின் வயிற்றைத் திறந்ததே மீன் சங்கத்து வைஃபைக்காகத்தான். சங்கத்து ஆபீஸ் கீழே ஏரிக்கரைப் படகுத்துறையில் இருந்தது, அவள் கம்ப்யூட்டர் கடையோ மேட்டில். யாராவது பிள்ளையின் பரீட்சை விண்ணப்பத்தை ஏற்ற உட்கார்ந்தால் பாதியில் தொங்கிவிடும். வந்தவர்கள் பெஞ்சில் உட்கார்ந்து அவள் முகத்தையே பார்ப்பார்கள். பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு ஒருநாள் அடிமூடியைக் கழற்றினாள். வைஃபை கார்டிலிருந்து திரைக்குள் ஓடும் மெல்லிய ஒயரைப் பிடுங்கிவிட்டு வேறு ஒயரை மாட்டி, பக்கவாட்டில் ஓட்டை போட்டு வெளியே இழுத்தாள். நுனியில் ஒரு குச்சி ஆன்டெனா வைத்தாள், அது போதவில்லை. காலி பால்பவுடர் டின்னுக்குள் விரலளவு செம்புக் கம்பியை நட்டு அதில் ஒயரை இணைத்து, டின்னின் வாயைத் துறைப் பக்கம் திருப்பி வைத்தாள். செத்தேன் பிழைத்தேன் என்று ஒரு கோடு காட்டிக்கொண்டிருந்த சிக்னல் நாலு கோடாய் நின்றது. அன்றைக்கு அவளுக்கு இருந்த தெம்புக்கு டின்னை நைரோபிக்கே திருப்பியிருப்பாள்.

அந்தத் தெம்பு பொழுது சாயும்வரைதான். வெயில் இறங்கிய நேரத்தில் சங்கத்து வைஃபைக்குக் கீழே இன்னொரு பெயர் வந்து உட்கார்ந்தது. 'சுவோர் அமோண்டி.' எங்கள் லுவோ பேச்சில் அமோண்டியின் புருஷன் என்று அர்த்தம்.

அப்படி ஒரு பெயரை உலகத்திலேயே ஒருத்தன்தான் வைத்தான், அவள் புருஷன் ஓயுகி. எங்கள் ஆம்பளைகளுக்குத் தன்னைத்தானே புகழ்ந்துகொள்ளாவிட்டால் சாப்பாடு இறங்காது. நாலு பேர் கூடினால் ஒருத்தன் சிங்கம் என்பான், ஒருத்தன் புயல் என்பான். ஓயுகி மட்டும், "நான் அமோண்டி புருஷன். இதுக்கு மேல என்ன பெருமை வேணும்?" என்பான். கையடக்க வைஃபை பெட்டி ஒன்று வாங்கியபோது அதற்கும் அந்தப் பெயரைத்தான் வைத்தான். அது எந்நேரமும் அவன் சட்டைப்பையில் கிடக்கும். போன மழைக்காலத்தில் ஒமேனா மீன் பிடிக்கப் போனவன் படகு புயலில் உடைந்தது. எதிரே இருக்கிற பாறைத்தீவில் ஒரு பலகை ஒதுங்கியது. ஆள் கிடைக்கவில்லை. பெட்டியும் அவனோடு போய்விட்டது என்றுதான் எல்லாரும் நினைத்தார்கள்.

டின்னின் வாய் பார்த்த திசையில் துறை இருந்தது, ஐஸ் கிடங்கின் பெரிய தகரச் சுவர் இருந்தது, அதையும் தாண்டி நேர்கோட்டில் பாறைத்தீவு இருந்தது. மறுநாளும் அதே நேரம் பெயர் வந்தது, கொஞ்ச நேரம் இருந்தது, போனது. அதற்கடுத்த நாளும் அப்படியே. உயிரோடு இருக்கிறான், காலோ கையோ முடியாமல் கிடக்கிறான் என்று அவள் மனசு கதை கட்ட ஆரம்பித்தது.

ஊரில் வேறு கதை நடந்துகொண்டிருந்தது. உடல் கிடைக்காத மனுஷனுக்கு எங்களிடம் ஒரு வழி உண்டு. யாகோ மரத்துக் காய் நீளமாய், கனமாய், சுரைக்காய் மாதிரி இருக்கும். அதைத் துணியில் சுற்றி அவனாகப் பாவித்துப் புதைத்துவிடுவோம். புதைத்தபின் அவன் உயிரோடு வந்து நின்றால்கூட வீட்டு வாசலைத் தாண்ட முடியாது. வந்தவன் மனுஷன் இல்லை என்று விரட்டிவிடுவார்கள். அதனால்தான் அமோண்டி சம்மதிக்கவே இல்லை. தினமும் ராத்திரி வளவு வாசல் கதவைச் சாத்தாமல் படுத்தாள்.

மாமியார் பெர்சிலாவோ யாகோ காயைப் பறித்தே கொண்டுவந்துவிட்டாள்.

"மறுபடியும் கனவுல வந்தான்," என்றாள் உகாலிக் களியைக் கிண்டிக்கொண்டே. "தலையிலேர்ந்து தண்ணி சொட்டுது. அம்மா, படுக்க எனக்கு இடமில்லைன்னு அழறான். நாளைக்குக் காலையில புதைக்கிறோம், நியார் அசெம்போ. நீ சம்மதிச்சாலும் சரி, சம்மதிக்காட்டியும் சரி."

பிறந்த ஊரைச் சொல்லி அசெம்போக்காரி என்று கூப்பிட்டால் பெர்சிலா முடிவெடுத்துவிட்டாள் என்று அர்த்தம். அமோண்டி நேரே கொழுந்தன் ஒக்வேனோவிடம் போய் விஷயத்தைக் கொட்டினாள்.

ஒக்வேனோ படகுக்குள் தேங்கிய தண்ணீரை இறைத்துக்கொண்டிருந்தான். "அண்ணி, டப்பாவுல பழைய பால்பவுடர் மிச்சம் இருக்கப்போகுது. அதை மோந்துட்டுதான் இப்படிப் பேசுறீங்க."

"கண்ணால பார்த்தேன் ஒக்வேனோ. அவர் பேரு. பாறைத்தீவு பக்கமிருந்து வருது."

"அங்க கொக்குதான் இருக்கு. கொக்கு வைஃபை போடாது."

"இன்னிக்குச் சாயங்காலம் ஒரு தடவை கூட்டிட்டுப் போ. அங்க ஒண்ணும் இல்லைன்னா நாளைக்கு நான் வாயே திறக்க மாட்டேன்."

கேலி பேசினாலும் அண்ணன்மேல் உயிரையே வைத்திருந்தவன் அவன். வாளியை வைத்துவிட்டு எஞ்சினுக்கு எண்ணெய் ஊற்றினான்.

பொழுது சாயும்போது கிளம்பினார்கள். லேப்டாப்பைப் பிளாஸ்டிக் பையில் சுற்றி மடியில் வைத்து, டின்னைப் பாறைத்தீவை நோக்கிப் பிடித்திருந்தாள் அமோண்டி. துறையை விடும்போது பெயர் இருந்தது. ஐஸ் கிடங்கைத் தாண்டியதும் தேய்ந்தது. கரையிலிருந்து கூப்பிடு தூரம் போவதற்குள் காணாமலே போய்விட்டது. கிட்டே போகப் போக ஏறவேண்டிய சிக்னல் இப்படி இறங்கினால் என்ன செய்வாள்? டின்னை இடதுபக்கம் திருப்பினாள், வலதுபக்கம் திருப்பினாள், ஒன்றுமில்லை. கை ஓய்ந்துபோய் அப்படியே முதுகுப் பக்கம் திரும்பினாள்.

ஒரு கோடு. ரெண்டு கோடு. சுவோர் அமோண்டி.

டின்னின் வாய் அவள் வீட்டைப் பார்த்துக்கொண்டிருந்தது.

ஒக்வேனோ எட்டிப் பார்த்தான், எஞ்சினை நிறுத்திவிட்டான். அவன் குரலில் கேலி சுத்தமாய் இல்லை. "அண்ணி, அண்ணன் ஏரியில இல்ல. ஆவியா வீட்டுக்கு வந்துட்டான். புதைக்காம விட்டோம்ல."

அமோண்டிக்கும் பயம்தான். இருந்தாலும் உள்ளே ஒரு மூலையில் தொழில்காரிக்கு விஷயம் புரிந்துவிட்டது. தகரச் சுவர் இருக்கிற இடத்தில் சிக்னலை நம்பாதீர்கள், முதுகுக்குப் பின்னால் இருப்பதை முன்னால் இருக்கிற மாதிரி காட்டும் என்று ஊருக்கே பாடம் எடுப்பவள் அவள். கடைக்குப் பின்னால் வீட்டுப் பக்கமிருந்து போய், ஐஸ் கிடங்குச் சுவரில் பட்டுத் திரும்பி வந்ததைத்தான் இத்தனை நாளும் புருஷன் என்று நம்பியிருக்கிறாள். அவ்வளவு ஆசை அவளுக்கு. ஆனால் பெயர் பொய்யில்லையே, வீட்டில் யார் அது?

கரையேறி மேட்டில் நடந்தார்கள். அவள் டின்னை நீட்டிக்கொண்டு முன்னால் போக, ஒக்வேனோ எதையோ முணுமுணுத்து வேண்டிக்கொண்டே பின்னால் வந்தான். வளவு வாசலில் மூன்று கோடு. பெர்சிலாவின் வீட்டுக் கதவுக்கு நேரே நாலு கோடு.

உள்ளே விளக்கு ஏற்றியிருக்கவில்லை. பெர்சிலா தன் இரும்புப் பெட்டியின் முன்னால் தரையில் உட்கார்ந்திருந்தாள். பெட்டியின் மூடி பாதி திறந்திருந்தது, சோலார் பேட்டரியிலிருந்து ஒரு ஒயர் அதற்குள் போனது. துணிகளுக்கு நடுவே ஓயுகியின் வைஃபை பெட்டி, அதில் பச்சையாய் ஒரு பொட்டு வெளிச்சம்.

"அத்தை, இது எப்படி உங்ககிட்ட?"

பெர்சிலா திரும்பவில்லை. "போற அன்னிக்குக் குடுத்துட்டுப் போனான். சார்ஜ் இல்லம்மா, உன் சோலார்ல போட்டு வை, பொழுது சாஞ்சதும் பொத்தானை அமுக்கி வை, வந்து எடுத்துக்கறேன்னான். அமுக்கி வைக்கிறேன். நீ கடையிலேர்ந்து வர்ற நேரத்துக்கு அணைச்சுடுவேன்."

"ஏன் என்கிட்ட சொல்லல?"

"சொன்னா நீ வாங்கிக்குவே."

அமோண்டிக்குக் கோபம் தலைக்கேறியது. "புதைக்கணும் புதைக்கணும்னு நீங்கதானே உசுரை எடுத்தீங்க? நான் அவர் உயிரோட இருக்கார்னு நினைச்சேன் அத்தை. நிஜமாவே நினைச்சுட்டேன்."

"நான் மட்டும் நினைக்கலையா?" என்றாள் பெர்சிலா. "கனவுல செத்தவனா வர்றான். சாயங்காலமானா பொத்தானை அமுக்குன்னு சொன்னவனா இருக்கான். ரெண்டு பேரையும் நான் ஒருத்தி எப்படி வச்சுப் பார்ப்பேன்?"

அமோண்டி டின்னைக் கீழே வைத்தாள். மாமியார் பக்கத்தில் தரையில் உட்கார்ந்துவிட்டாள். வாசலில் நின்ற ஒக்வேனோ முகத்தைத் துடைத்துக்கொண்டான்.

காலையில் ஒக்வேனோ இடுப்பளவுதான் குழி வெட்டினான், காய்க்கு அது போதும் என்றார்கள். அமோண்டியே யாகோ காயை ஓயுகியின் நீலச் சட்டையில் சுற்றினாள். வைஃபை பெட்டியை அந்தச் சட்டைப்பையில் வைத்தாள்.

பெர்சிலா பச்சைப் பொட்டைப் பார்த்தாள். "அணைக்கலையா?"

"வேணாம் அத்தை. அதுவா அணையட்டும்."

வந்தவர்கள் எல்லாம் போனபின், சாயங்காலம், அமோண்டி லேப்டாப்பை எடுத்துவந்து மண்மேட்டருகே உட்கார்ந்தாள். டின்னை மண்மேல் கவிழ்த்தாள். ஒரே ஒரு கோடு வந்தது. சுவோர் அமோண்டி. பெர்சிலாவும் வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். அவளுக்குப் படிக்கத் தெரியாது, இருந்தாலும் திரையையே பார்த்தாள். கீழே ஏரியில் ஒமேனாப் படகுகள் ஒவ்வொன்றாய் விளக்கேற்றிக்கொண்டு கிளம்பின. கோடு ஒருமுறை மறைந்து வந்தது. பிறகு வரவில்லை.

"போயிட்டானா?" என்றாள் பெர்சிலா.

"போயிட்டார் அத்தை."

அப்போதுதான் அமோண்டிக்கு அழுகை வந்தது. அழுது முடித்து எழுந்து போய், இத்தனை மாதமாய்த் திறந்தே கிடந்த வளவு வாசல் கதவைச் சாத்தினாள்.