இரண்டு பக்கமும் தலையாட்டியவர்

அப்பா படுத்திருந்த மெத்தையை அவள் ஒருத்தியாகவே இழுத்துக்கொண்டு போய் முற்றத்தில் போட்டாள். அடக்கத்துக்குப் போனவர்கள் அப்போதுதான் திரும்பியிருந்தார்கள். எல்லோரும் மாடியில், அண்ணன் வீட்டில். நேற்று விடியும்போது அப்பா ரத்தமாக வாந்தி எடுத்த மெத்தை அது. அடுத்தவர் கண்ணில் அது படுவதை அவள் விரும்பவில்லை.

மாடியில் அண்ணன், கீழே அவள், நடுவில் அப்பா. தண்ணீர் மோட்டாரை யார் போடுவது என்று ஆரம்பித்த வாய்ச்சண்டை முற்றிப்போய், அண்ணனும் தங்கையும் பேசி மூன்று வருஷம் ஆகிவிட்டது. வீட்டுக்கு வீடு வாசப்படி என்று அப்பா சிரித்துக்கொள்வார். காலைச் சாப்பாடு கீழே, ராத்திரிச் சாப்பாடு மேலே. "ரெண்டு அரசாங்கம், ஒரே தூதர்" என்று தன்னையே கேலி செய்துகொள்வார்.

அவர் முடிதிருத்தும் கடை வைத்திருந்தவர். கீரியும் பாம்புமாக இருக்கும் இரண்டு பேர் பக்கத்துப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து வாதாடினாலும், கத்தரியை நிறுத்தாமல் இருவருக்கும் "அதுவும் சரிதான்" என்று தலையாட்டுவார். யார் மனமும் கோணக்கூடாது. விரல் மூட்டுகள் வீங்கி, கத்தரி வளையத்துக்குள் கட்டைவிரல் நுழையாமல் போன அன்றுதான் அவர் கண்கலங்கியதை அவள் பார்த்தாள்.

அவள்தான் டாக்டரிடம் கூட்டிப்போனாள். காலையில் சாப்பிட்டு முடித்ததும் எதிரே நின்று மாத்திரையை விழுங்க வைப்பாள். "நீ கொடுக்கிறதுதாம்மா கேக்குது" என்று விரல்களை மடக்கி மடக்கிக் காட்டுவார். அவளுக்குப் பெருமை தாங்காது. கொஞ்ச நாளாக வயிறு எரிகிறது என்றார். சமையலில் காரத்தைக் குறைத்தாள், அவ்வளவுதான் அவளுக்குத் தோன்றியது.

நேற்று ஆஸ்பத்திரியில் அவள் நீட்டிய மாத்திரை அட்டையில் மருந்தின் பெயர்மேல் டாக்டர் விரல் வைத்தார்.

"வயித்துக்குள்ள ரத்தக்கசிவு. இந்த மருந்தால வந்திருக்கலாம். வேற வலி மாத்திரை ஏதாவது போடுறாரா? ஒண்ணு போட்டாலே சில பேருக்கு வயித்தைப் புண்ணாக்கிடும். ரெண்டு சேர்த்துப் போடவே கூடாது."

"ஒண்ணுதான் டாக்டர். நான்தானே கொடுக்கிறேன்."

"மலம் கறுப்பாப் போச்சா பெரியவரே?"

அப்பா தலையாட்டினார்.

"ஏம்ப்பா சொல்லல?" என்று அவள் கேட்டதும் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். வெளியூருக்கு பஸ் ஓட்டிக்கொண்டு போயிருந்த அண்ணன் வந்து சேர்வதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

படியில் காலடிச் சத்தம் கேட்டது. அண்ணன் கீழே வந்து வாசலில் நின்றான். அப்பாவின் காலி நாற்காலியைப் பார்த்து, "கொஞ்சம் தண்ணி கிடைக்குமா?" என்றான்.

அப்பா இருந்திருந்தால் அதையே உள்ளே திரும்பி இன்னொரு முறை சொல்லியிருப்பார். அவள் தண்ணீர் கொண்டுவந்து நீட்டினாள்.

அவன் சட்டைப் பையிலிருந்து ஒரு மாத்திரை அட்டையை எடுத்தான். "இடுப்பு விட்டுப்போச்சு. அப்பாவோட மாத்திரை" என்று நாற்காலியிடமே சொன்னான். "மருந்துக்கடையில கேட்டு வாங்கினது. ராத்திரி சாப்பிட்டதும் நான்தான் கொடுப்பேன். நீ கொடுக்கிறதுதாண்டா கேக்குதுன்னு சொல்வார்." ஒரு மாத்திரையைப் பிதுக்கி உள்ளங்கையில் போட்டுக்கொண்டு அட்டையை மேசைமேல் வைத்தான்.

அவள் அட்டையைப் பார்த்தாள். நிறம் வேறு, பெரிய எழுத்துப் பெயரும் வேறு. அடியில் பொடி எழுத்தில் இருந்த மருந்தின் பெயர் மட்டும் டாக்டர் விரல் வைத்துக் காட்டிய அதே பெயர்.

சுவர்ப்பக்கம் திரும்பிய முகம் அவளுக்கு இப்போது புரிந்தது. பாவி மனுஷா, அங்கேயுமா யார் மனமும் கோணக்கூடாது!

சொன்னால் இவன் ஜென்மத்துக்கும் நிம்மதியாகத் தூங்கமாட்டான். சொல்லாமலே இருந்துவிடலாம். ஆனால் போன வருஷம்தான் இவன் வயிற்றுப்புண்ணுக்கு வைத்தியம் பார்த்துக்கொண்டான். நேற்றிலிருந்து ஒரு பருக்கை உள்ளே போகவில்லை. மாத்திரை வாயருகே போய்விட்டது.

"வேண்டாண்ணா. போடாதே."

அவன் திடுக்கிட்டு அவள் முகத்தைப் பார்த்தான். "ஏன்? அப்பா போட்டுக்கிட்டதுதானே?"

"நானும் கொடுத்தேன்."

"என்னது?"

"தினமும் காலையில. இதே மருந்து, வேற பேர்ல. ரெண்டு சேரக் கூடாதாம். ஒண்ணுதான்னு டாக்டர்கிட்ட நான் அடிச்சுச் சொன்னேன்."

மாத்திரை இருந்த அவன் கை தானாக இறுகியது.

"நாம ஒரு வார்த்தை பேசியிருந்தா..." என்று ஆரம்பித்தான்.

மாடியில் யாரோ அவனைக் கூப்பிட்டார்கள். அவன் நகரவில்லை. அவள் அந்தக் கையைப் பிடித்து விரல்களை ஒவ்வொன்றாக விரித்தாள். வியர்வையில் மாத்திரையின் சிவப்பு கரைந்து உள்ளங்கையெல்லாம் ஒட்டியிருந்தது.

"முதல்ல சாப்பிடு" என்றாள். சொம்பிலிருந்து தண்ணீர் ஊற்றி, சின்னப் பிள்ளைக்குச் செய்வதுபோல் அவளே அந்தக் கையைக் கழுவிவிட்டாள்.